வானம் தெரிய வேண்டிய கூரை

நேற்று கடை வாசலில் சோளத்தட்டுக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள், ஹாலோவீன் அலங்காரத்துக்கு. மழையில் நனைந்த தட்டு வாசனை மூக்கில் ஏறியதும், பூசணிக்காய் வாங்கப் போனவள் பார்க்கிங் லாட்டிலேயே நின்றுவிட்டேன்.

இடுப்பில் பேஜர் செருகியிருந்தாலே பெரிய ஆள் என்ற காலம் அது. நான் காலேஜில் இரண்டாம் வருஷம். நாங்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டிலிருந்து பத்து நிமிஷ டிரைவில் யூதப் பிள்ளைகளுக்கான ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே கிளாஸ் ஹெல்பர் வேலை. ஹீப்ருவில் ஒரு எழுத்து தெரியாது. பென்சில் சீவ எதற்கு ஹீப்ரு என்று டீச்சர் ரூத் சேர்த்துக்கொண்டாள். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவள்.

பிள்ளைகளுக்கு வரும் கஷ்டத்தை நாம் நகர்த்தி வைக்கக் கூடாது, அதில்தான் அவர்கள் வளருவார்கள் என்பதில் ரூத் பிடிவாதம். ஜூஸ் கொட்டினால் துடைக்க மாட்டாள், துணியை நீட்டுவாள். எனக்கு அது சுத்த சோம்பேறித்தனமாகப் பட்டது. நான்தான் மகா புத்திசாலி ஆயிற்றே.

லேயாவுக்குப் பதினொரு வயது, பேச்சு திக்கும். அவள் தடுமாறினால் வார்த்தையை நான் முடித்துக் கொடுத்துவிடுவேன். சுக்கோத் பண்டிகைக்குக் குடிசை போட்டு, அதற்குள் எல்லார் பெற்றோர் முன்னாலும் பிள்ளைகளில் ஒருவர் ஹீப்ருவில் பிரார்த்தனை சொல்ல வேண்டும். லேயா கை தூக்கினாள். மற்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூரைக்குச் சோளத்தட்டு என்றதும் அப்பாவை இழுத்து வந்தேன். மருந்துக் கம்பெனி லேபில் வேலை என்றாலும் பொள்ளாச்சிக்காரர் அல்லவா. ஏணியில் ஏறி, நெருக்கி நெருக்கிக் கூரை மேய்ந்துவிட்டு இறங்கினார்.

“ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது கண்ணு. சொல்லு உங்க டீச்சர்கிட்ட.”

ரூத் அண்ணாந்து பார்த்தாள். அவர்கள் பேசியது இங்கிலீஷ், நம் தமிழில் போடுகிறேன். “ரொம்ப அழகா இருக்கு அங்கிள். ஆனா மழை உள்ள வரணும். வானம் தெரியணும்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஒழுகறதுக்கா கூரை போடறாங்க?”

மொழிபெயர்த்தேன். பதில் சொன்னது லேயா. “நா... நாப்பது வருஷம்...”

“பாலைவனத்துல,” என்று உள்ளே புகுந்தேன்.

“இரு. நானே மு... முடிக்கிறேன்.” முகம் சிவந்திருந்தது. “நாப்பது வருஷம் எங்க ஆளுங்க ஆ... ஆடற குடிசையிலதான் இருந்தாங்க. ஆனா நடந்துகிட்டே இருந்தாங்க.”

அப்பா ஏணியை இழுத்துச் சாத்தினார். மறுபடி ஏறி, மூன்றுக்கு ஒரு தட்டாக உருவ ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு தூறல். குடிசைக்குள் பெற்றோர்கள், மேஜையில் ரொட்டி. லேயா மூன்றாவது வார்த்தையில் சிக்கினாள். வாரா வாரம் கேட்டு அந்த வார்த்தை எனக்கே மனப்பாடம், நாக்கு நுனியில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ரூத்தும் அசையவில்லை. கூரை இடுக்கிலிருந்து என் பிடரியில் ஒரு சொட்டு. இன்னொன்று. லேயாவின் கை மேஜை விரிப்பைக் கசக்கியது. வார்த்தை வந்தது. பின்னாலேயே மிச்சமும், திக்கித் திக்கி, கடைசி வரை. எல்லாரும் ஆமென் சொல்லி முடித்தபின் அப்பா தனியாக, சத்தமாக ஒரு ஆமென் போட்டார்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. குடிசை நின்ற இடத்தில் ஒரு டேகேர், வாசலில் ஒழுகவே ஒழுகாத தகரக் கூரை. ரூத் எந்த ஊருக்குப் போனாளோ. அப்பாவுக்கும் முட்டி போச்சு, ஏணி ஏறுவதில்லை.

போன மாசம் லேயா ஃபோன் பண்ணினாள். நடுவில் நீளமாக ஒரு மௌனம். லைனில்தான் இருக்கிறாயா என்றுகூட நான் கேட்கவில்லை. காத்திருந்தேன்.