கப்பலில் வேலை என்று சொன்னோம்

அந்தக் கப்பல்தலைவனை எனக்கு முதலில் துண்டறப் பிடிக்கவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட போர்த்துக்கீசன் அவன். அவனுக்குப் பின்னால் வந்த கப்பல்களில்தான் எங்கள் தீவுக்குக் கோட்டையும் சிலுவையும் வந்தன. என் குடும்பம் எத்தனையோ தலைமுறையாக வேதக்காரர். அதற்காக அவனுக்கு நன்றி சொல்வதா, அவனோடு கோபிப்பதா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பலேர்மோவுக்கு வந்து, லிபெர்த்தா வீதியில் ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலை கிடைத்த பிறகுதான் இந்தச் சோலி என் தலையில் விழுந்தது.

கிழவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். எல்லாரையும் போல நானும் அவரைப் புரொஃபெசோரே என்றுதான் கூப்பிட்டேன். கப்பல்தலைவனின் வாழ்க்கையை அவர் பல வருடமாகப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துத் திருத்தத் தொடங்கும்போது கண் மங்கிவிட்டது. ஆகவே காலையில் அவரைக் குளிப்பாட்டி, உப்பில்லாத சாப்பாட்டைக் கொடுத்து, மருந்தையும் கொடுத்த பிறகு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை அவர் எழுதிய தாள்களை நான் உரத்து வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இந்த வரியை வெட்டு, அந்தச் சொல்லை மாற்று என்பார். என்னுடைய இத்தாலியன் பல்லாரோ சந்தையில் மீன்காரனோடு சண்டை பிடித்துப் பழகிய இத்தாலியன். நான் வாசிக்கும்போது சில இடத்தில் அவர் நெற்றியில் அடித்துக்கொள்வார். எனக்கும் ரோசம் வரும். அப்படியென்றால் நீங்களே வாசியுங்கள் என்று தாளை மேசையில் வைத்திருக்கிறேன். பிறகு இருவரும் கோப்பி குடித்துவிட்டுத் தொடர்வோம்.

நானும் தம்பியும் அல்பெர்கேரியாப் பகுதியில் இரண்டு அறை எடுத்து இருந்தோம். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை, அது வேறு கதை. தம்பி என்னிலும் ஆறு வயது இளையவன். கபோச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். பின்னேரம் நான் வந்ததும், "அண்ணை, இண்டைக்கு உங்கடை கப்பல் எங்கை நிக்குது?" என்று கேட்பான். நான் சமைத்துக்கொண்டே காலையில் வாசித்ததைச் சொல்லுவேன்.

கப்பல்தலைவன் கோழிக்கோட்டு அரசனுக்குக் கொண்டுபோன பரிசுகளைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தொப்பி, துணி, கை கழுவும் பாத்திரம், சீனி, எண்ணெய், தேன். "அடக் கோதாரி! ராசாவைப் பாக்கப் போறவன் தேன் போத்திலோடையே போறது? நாங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போனாலும் இதிலை திறமாக் கொண்டு போவமே!" அங்கே ஒரு கோயிலைக் கண்டதும் அதை மாதா கோயில் என்று நினைத்துப் போர்த்துக்கீசர் உள்ளே போய் முழந்தாளிட்டதைச் சொன்னபோது, சிரிப்பு இருமலாக மாறி நிற்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த இருமலை நான் ஒழுங்காகக் கேட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தம்பிக்கு இத்தாலியன் சமையலறைக்கு வெளியே போதாது. எனவே டாக்டர் அம்மா என்னைப் பார்த்துக் கதைத்தார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் விளங்கப்படுத்தித்தான் கதைத்தார். நுரையீரலில் புற்று. ஈரலுக்கும் பரவிவிட்டது. மருந்து கொடுத்தாலும் மாதங்கள்தான். இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள் என்றார்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். "என்னவாம் அண்ணை?"

"நெஞ்சிலை சளி கட்டிக் கிடக்காம். மருந்து எடுத்தா மாறுமாம்."

டாக்டர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தான் அவ்வளவு நேரம் சொன்னதை நான் இவ்வளவு சின்னதாகச் சொல்லி முடித்ததை அவர் கவனித்தார். எல்லாம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். ஓம், எங்கள் பாஷை சுருக்கமானது என்றேன்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த பொய் இல்லை. எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம். சோதனை எடுக்கிற பிள்ளைக்குத் தகப்பன் செத்ததைச் சொல்லமாட்டோம். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குத் தாய் விழுந்து கிடப்பதைச் சொல்லமாட்டோம். நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்லவே மாட்டோம். ஊரில் அம்மாவோடு இருந்த அக்காவுக்கு அன்று பின்னேரமே போன் எடுத்தேன். அவள் அழுது முடித்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தம்பி, அவனுக்குச் சொல்லிப்போடாதை, மனம் உடைஞ்சு போவான். அம்மாவுக்கும் மூச்சு விடாதை. பிரஷர்க்காரி, தாங்கமாட்டா." எனக்கும் அது சரியென்றே பட்டது.

தம்பி அம்மாவைப் பார்த்து ஒன்பது வருடம். இத்தாலியில் தங்குவதற்கான அவனுடைய அனுமதி, பெர்மெஸ்ஸோ, முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். புதுக் கார்டு வரும்வரை கையில் விண்ணப்பித்த துண்டு மட்டும்தான். துண்டோடு போனால் திரும்பி வரும்போது எங்காவது மறித்துவிடுவார்கள் என்று பயம். "கார்டு வரட்டும் அண்ணை. ஆவணியிலை மடு மாதா திருவிழாவுக்கு ரெண்டு பேருமாப் போவம். அம்மாவையும் ஏத்திக்கொண்டு போவம்" என்றான். அந்தக் கார்டால் அவனுக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். திரும்பி வருவதற்குத்தானே கார்டு. தெரிந்துகொண்டே, "ஓம், கார்டு வரட்டும்" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

லிபெர்த்தாவில் நான் வாசித்த தாள்களில் கப்பல்தலைவன் ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். காற்று எதிர்த்து அடித்தது. அரபிக்கடலைத் தாண்டவே மூன்று மாதம் போல ஆயிற்று. பல்லீறு வீங்கி, கால் வீங்கி ஆட்கள் செத்தார்கள். பாய் இழுக்கக்கூட ஆள் போதாமல் ஒரு கப்பலை அவர்களே கொளுத்தினார்கள். கொளுத்திய கப்பலுக்குத் தலைவனாக இருந்தவன் கப்பல்தலைவனின் சொந்தத் தமையன். அவன் தம்பியின் கப்பலுக்கு மாறினான். அவனுக்கு நெஞ்சில் வருத்தம், இருமல் என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் எனக்கு வாசிக்க வரவில்லை.

ஏன் நிறுத்தினாய் என்று கிழவர் கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பலேர்மோவில் நான் வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவர்தான்.

தம்பிக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். அவனுடைய உயிரைப் பற்றி அவனுக்கே சொல்லவில்லையா என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வழக்கம் உங்களுக்கு விளங்காது, நீங்கள் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற ஆட்கள் என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. மிச்சக் கதையைத் தாள் இல்லாமல் நினைவிலிருந்தே சொன்னார். ஊர் கிட்டவந்த இடத்தில் கப்பல்தலைவன் தன் கப்பலை இன்னொருவனிடம் ஒப்படைத்தானாம். இந்தியாவுக்கு வழி கண்ட செய்தியை அரசனுக்குச் சொல்லும் பெருமையையும் மற்றவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, வேகமாக ஓடும் சின்னக் கப்பல் ஒன்றைப் பிடித்துத் தமையனை வீட்டுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டானாம். பிற்காலத்தில் யாத்திரைக் கப்பலை ஆட்களோடு எரித்த கொடியவன்தான், ஆனாலும் இதைச் செய்தான் என்றார் கிழவர். நீயும் நாளைக்கே போ, என்னை யாராவது பார்ப்பார்கள் என்றார்.

"போய்ச் சேர்ந்தார்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்றார். அசோரஸ் தீவுவரைதான். அங்கே இறங்கி அடுத்த நாள் தமையன் செத்தான். அங்கேயே புதைத்தார்கள்.

அன்று பின்னேரம் ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போனேன். "கார்டும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். வாற கிழமை ஊருக்குப் போவம்" என்றேன். தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை."

"பொய் சொல்லாதேங்கோ அண்ணை. அம்மா செத்திட்டா. நீங்களும் அக்காவும் மறைக்கிறியள். எங்கடை ஆக்களைப் பற்றி எனக்குத் தெரியாதே?"

அழத் தொடங்கிவிட்டான். அவனைச் சமாதானப்படுத்த அம்மாவுக்கு வீடியோவில் போன் எடுக்க வேண்டியதாயிற்று. அம்மா கோயிலால் அப்போதுதான் வந்திருந்தா. அவன் கண்ணைத் துடைத்து, உடுப்பை மாற்றி, சுவரோடு சாய்ந்து முகத்தை மட்டும் காட்டினான். "ஏன் மோனை மெலிஞ்சு போனாய்?" என்றா. "வேலை கூட அம்மா" என்று சிரித்தான். போனை வைத்ததும் மூச்சு விட்டான். "அப்ப என்ன அவசரம்? கார்டு வரட்டும்."

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். அவசரம் உனக்குத்தானடா என்று ஒரே ஒரு வசனம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் அம்மாவைக் கண்ட சந்தோசத்தில் இருந்தான். சோறு போடட்டோ என்று கேட்டேன்.

இரண்டு கிழமையில் நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிவிட்டது. இனி விமானத்தில் ஏற்ற முடியாது, அதற்குக் கடிதம் தரமாட்டேன் என்று டாக்டர் அம்மா சொன்னார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். "கொஞ்சம் பொறுத்துப் போகட்டாம்" என்றேன். பிறகு கார்டு கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. கார்டு தயார், வந்து கைரேகை வைத்து எடுங்கள் என்று. அவன் போய் எடுக்கவில்லை.

கடைசி நாட்களில் ஒருநாள் கேட்டான்: "அண்ணை, அந்தத் தமையனுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"ரெண்டு பேரும் ஊருக்குப் போய்ச் சேந்திட்டினம்."

"நல்லது" என்றான். அவன் நம்பினானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு உண்மை தெரிந்திருந்ததா என்றும் தெரியாது. ஆனிமாதம் முடிய முன் செத்துப் போனான். கோயில் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். தமிழ்ச் சுவாமியார் பூசை வைத்தார். கடலோரச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். கிழவர் கைத்தடியோடு வந்து வெயிலில் நின்றார்.

அதற்கு முன்பே, அவனால் போனில் கதைக்க முடியாமல் போன நாளில், அம்மாவுக்கு நான் ஒன்று சொல்லியிருந்தேன். தம்பிக்குப் பெரிய உல்லாசக் கப்பலில் குசினி வேலை கிடைத்திருக்கிறது, நடுக்கடலில் போன் எடுபடாது என்று. காலை முழுக்கக் கப்பல் வாசிக்கிறவனுக்கு வாயில் வேறென்ன வரும்? "நல்ல பொய் தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்றாள் அக்கா. அவன் செத்த பிறகும் அதையே வைத்துக்கொண்டோம்.

ஞாயிறுதோறும் அம்மா கேட்பா: "கப்பல் இப்ப எங்கை மோனை?" எனக்குக் கிழவரின் சுவரில் இருந்த வரைபடம்தான் தெரியும். லிஸ்பன் என்றேன். பிறகு ஆப்பிரிக்காவின் தெற்கு முனை. பிறகு மொம்பாசா. "அது எங்களுக்குக் கிட்டவோ?" என்று கேட்டா. "கிட்டத்தான்." கப்பல் தொட்ட ஒவ்வொரு துறைக்கும் அம்மா மாதா கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினா. கப்பல் கொச்சிக்கு வந்தபோது, "ஐயோ, உதிலைதானே கொழும்பு! என்ரை பிள்ளை வந்திடுவான்" என்று அக்காவிடம் கோழி பார்த்து வைக்கச் சொன்னாவாம். கப்பல்தலைவன் தன் மூன்றாவது பயணத்தில் செத்ததும் கொச்சியில்தான். கிழவரின் தாள்களும் அந்த இடத்தோடு முடிந்தன. அதற்கு அப்பால் அந்தக் கப்பலை ஓட்ட எனக்கு நெஞ்சு வரவில்லை. ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்தாள். "இப்ப சொல்லாதை, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுவம்." அம்மா எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஓட்டோ திரும்பிப் போகும்வரை பார்த்தா.

"தம்பியின்ரை கப்பல் இன்னும் வரேல்லையே?"

"கப்பல் இல்லையம்மா" என்றேன். பிறகு சொன்னேன். சளி, புற்று, கார்டு, சேமக்காலை, எல்லாம். இந்த முறை ஒன்றையும் சுருக்கவில்லை.

அம்மா விழவில்லை. அக்கா தண்ணீரோடு ஓடிவந்தாள், அதையும் வாங்கவில்லை. எத்தனை மாதம் படுக்கையில் கிடந்தான் என்று கேட்டா. நாலரை மாதம் என்றேன். என்னைக் கேட்டானோ என்றா. ஒவ்வொரு நாளும் என்றேன்.

"நாலரை மாதம்" என்றா. "எனக்கொரு சொல் சொல்லியிருந்தா, நான் வந்திருப்பனே மோனை."

"இந்த முழங்கால் வருத்தத்தோடையோ?" என்றாள் அக்கா. "உங்களுக்கு ஆர் அம்மா விசா தரப்போறான்?"

"கேட்டுப் பாத்திருக்கலாமெல்லே. தரமாட்டன் எண்டா அவன்ரை வாசலிலை கிடந்திருப்பன்."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவனை இங்கே கொண்டுவருவதற்கு நான் எத்தனை வழி யோசித்தேன். அம்மாவை அங்கே கூப்பிடலாம் என்று எங்கள் இருவருக்கும் ஒருநாள்கூட மனதில் வரவில்லை.