நாற்பதுக்கு இரண்டு குறைவு

பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிவிட்டு வந்து ஷூவின் வெல்க்ரோவைப் பிரிக்கிறது. ‘பர்ர்’ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அந்தக் காலை திரும்பி வந்து, பென்னலூரில் தம்பி வீட்டில் நிற்கிறேன். நடக்கும்போது பாதம் மடங்காமலிருக்கக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையைப் பிரித்து மூலையில் எறிகிறான்.

“இன்னைக்கு இது வோணாம்க்கா. பாத்தா நொண்டி மாரி கீது.”

“நொண்டின்னு எழுதி வாங்கத்தாண்டா போறோம்.”

சிரித்தான். வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது.

இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் உற்பத்தி லைனில் பதினேழு வருஷம் நின்றவன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலப்பக்கம் விழுந்து எட்டு மாதம். ஊனம் நாற்பது சதவீதம் என்று சர்டிஃபிகேட் கொண்டுவந்தால் கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இல்லையென்றால் வீட்டோடு இரு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அவன் பழகியதெல்லாம் ஆடிட். ஆள் வந்து பார்க்கிற அன்று தரையைத் துடைத்து, கோளாறை மறைத்து, ‘எல்லாம் ஓகே சார்’ என்று விறைப்பாக நிற்பது. பாவி, நானும் கூடச் சேர்ந்தேன். சவரம் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, ஒவ்வொரு பட்டனாக நானே போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வலது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினான், கழுத்து நரம்பு புடைக்க, எட்டு மாதத்தில் நான் பார்த்தேயிராத உயரத்துக்கு. தன் விரலை நீட்டி, பிடித்து அழுத்தச் சொன்னார்.

“விடுப்பா, வலிக்குது! நல்லாத்தானே இருக்கே?”

தம்பி முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

“சட்டை பட்டன்லாம் நீயே போட்டுப்பியா?”

“போட்டுப்பேன் சார்.”

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன்.

குளியல்? ஓகே சார். மாடிப்படி? ஓகே சார். சாப்பாடு? அதுவும் ஓகே சார். சோறு பிசைந்து ஊட்டுகிறவள், அவன் பெண்டாட்டி, அந்நேரம் முதல் ஷிப்டில் இருந்தாள்.

முப்பத்தெட்டு என்று எழுதினார்கள். லைனில் நிற்க அந்த உடம்பு போதாது. நாற்காலியில் உட்கார அந்த ஊனம் போதாது. நடுவில் கிடக்கிற இந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் நின்றோம், நான் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு, அவன் ஷேர் ஆட்டோவுக்கு. கம்பெனி பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. தலையைத் திருப்பிக்கொண்டான்.

“ஆறு மாசம் கழிச்சு மறுபடி அளக்கச் சொல்லிக் கேக்கலாம்டா,” என்றேன்.

இடது கையால் வலது காலைத் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்தான்.

“அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் தேறிட்டேன்னா இன்னாக்கா பண்றது?”