சர்வேயர் நட்ட கல்

தொண்ணூறுகளில் அடி அண்ணாமலையில் நான் வாங்கிய மனையை அளக்க வந்த சர்வேயர் ஒல்லியானவர், என்னைவிட இளையவர். புலப்படத்தை விரித்ததும் அதன் கிழக்கு ஓரத்தை மலைப்பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் பேசுவார்.

“மலை நமக்குக் கிழக்க இருக்குது சார். படமும் அப்படியே இருக்கணும்.”

படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் எத்தனை மீட்டர் என்று கணக்கிடவும், நான் கேட்டதால், பொறுமையாகக் கற்றுத்தந்தார்.

வேலி போடும் முன் நானே அளந்தேன். அவர் நட்ட எல்லைக்கல் என் மனைக்குள் ஆறடி தள்ளி இருந்தது. மூன்று முறை அளந்தும் அதே ஆறடி. நேரே அவரிடம் போனேன்.

“தெரிஞ்சேதான் நட்டீங்களா?”

“ஆமாங்க. பக்கத்து மனை என் மாமனாருது.”

“அப்புறம் எனக்கு ஏன் படம் படிக்கச் சொல்லிக்குடுத்தீங்க?”

“ஆசையா கேட்டீங்க. தப்பா சொல்லித்தர மனசு வரல சார்.”

கல்லைத் தள்ளி நட வந்த மனம் அதற்கு மட்டும் ஏன் வரவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.