ஒன்றுமில்லை என்று சொல்லப் போனவர்

ரிஹானா காலமான செய்தி எனக்கு நோர்வேயிலிருந்து வந்தது. அவருடைய மகள் நம் ஆய்வுக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டதை அங்குள்ள பேராசிரியர் முதலில் பார்த்துவிட்டு, என்னை அழைத்து அழுதார். புத்தளத்தில் ரிஹானாவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள் நான். எனக்கு முன்னால் இவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் முதலில் மனதில் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. அவரோடு வேலை செய்த உங்களிடம் இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு வராது. பழகிய காலமெல்லாம் அவர்மேல் பொறாமைப்பட்டவள் நான்.

அடுத்த கொள்ளைநோய் பரவுமுன் அதை அடையாளம் காண, நான்கு நாட்டு ஆய்வுகூடங்களையும் அவற்றுக்கு நிதி தருபவர்களையும் ஒரே திட்டத்தில் சேர்த்து வைப்பது நம் வேலை. கற்பிட்டிப் பக்கம் வௌவால்கள் அடையும் மரங்களுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அவற்றிலிருந்து நோய் தொற்றியிருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதித்தோம். விண்ணப்பங்களை எழுதியவள் நான். இணைப்பாளர் கதிரை ரிஹானாவுக்கு. மாதிரிகள் முதலில் எந்த நாட்டுக்குப் போவது என்று ஒருமுறை இணையக் கூட்டத்தில் பெரிய இழுபறி. அதுபற்றி நீண்ட கடிதங்கள் எழுதி நான் ஓய்ந்திருந்தேன். ரிஹானா பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, இரத்தம் கொடுத்தவர்களுக்கு எப்போது முடிவு சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டார். யார் விரைவில் முடிவு தருகிறாரோ அவருக்கே முதல் மாதிரி என்று பத்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொரு நாள் இரத்தம் எடுக்கக் குறிஞ்சிப்பிட்டிக்கு அவரில்லாமல் போனேன். என் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர், மடித்துவிட்ட சட்டைக் கையை மறுபடி இறக்கிவிட்டார். "ரிஹானா மிஸ் வரல்லையா? அப்ப அவ வாற அண்டைக்குக் குடுக்கிறன்" என்றார். என் சொந்த ஆளே!

முடிவு வந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொல்வது ரிஹானாவின் வழக்கம். நோய் எதுவும் இல்லாதவர்கள் வீட்டுக்கும் போவார். எதற்கு இந்த வீண் அலைச்சல் என்று கேட்டேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து சிறுபிள்ளையாக வந்தவர் அவர். "எங்கட முகாமுக்கு எத்தினையோ பேர் வந்து விவரமெல்லாம் எழுதிக்கிட்டுப் போனாங்க, ஸ்டெல்லா. ஒருத்தரும் திரும்பி வரல்ல. ஒண்டுமில்லெண்டாலும் போய்ச் சொல்லணும்" என்றார்.

திட்டத்தை நீட்டிக்கும் விண்ணப்பத்தில், வீடு வீடாகப் போகும் அந்தப் பகுதியை நான் வெட்டினேன். முடிவுகள் தபாலில் போகும் என்று எழுதினேன். நிதி தருபவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று ரிஹானாவிடம் சொன்னது பொய். நான் அவர்களைக் கேட்கவே இல்லை. அது இருந்தால் வெளிநாட்டில் எல்லாரும் அவரைப் பற்றியே பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் வாசித்துவிட்டு, "நீங்க எழுதினா கட்டாயம் கிடைக்கும்" என்றார். கிடைத்தது. வீடுகளுக்குப் போகத் திட்டத்தில் வாகனமும் இல்லை, நாளும் இல்லை என்பதால் அவர் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனார். நெஞ்சுவருத்தம் தொடங்கிய பிறகும் போனார். நான் தடுக்கவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.

கடைசிச் சுற்றின் முடிவுகள் அவரை அடக்கம் செய்த பிறகு வந்தன. கடிதங்களை உறையில் போட்டேன். தபாற்கந்தோர்வரை போய், அங்கிருந்து நுரைச்சோலைக்கு பஸ் எடுத்தேன்.

முதல் வீட்டில் என்னைக் கண்டதும் ஓர் உம்மா வாயில்படிக்கு எழும்பி வந்தார். "ரிஹானா மிஸ் வராம நீங்க வந்திரிக்கிறீங்க. எனக்கு ஏதும் பெரிய வருத்தமா?"

"உங்களுக்கு ஒண்டுமில்லம்மா" என்றேன். பிறகு மற்றச் செய்தியைச் சொன்னேன்.

தனக்கு நோயில்லை என்று கேட்ட வாயில்படியிலேயே உட்கார்ந்து அவர் கதறினார். நான் இறந்தால் இப்படி அழ ஒரு வீடு இருக்குமா என்று அங்கே நின்றபடியே நினைத்தேன். வெட்டிய பகுதியை அடுத்த விண்ணப்பத்தில் அவர் பெயரோடு சேர்த்துவிட்டேன். ஆனால் ரிஹானாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது இந்தப் பொறாமையைத்தான். அது இருக்கும்வரை சனிக்கிழமைகளில் பஸ் ஏறாமல் என்னால் வீட்டில் இருக்க முடியாது.