ரேணுகாக்கா சாவிக்கு ஒரு எஃப்.ஐ.ஆர்

எங்க இடைசெவல்ல கார் ஓட்டுத பொம்பள யாருன்னு கேட்டா சின்னப்பிள்ளகூட ரேணுகாதேவி அக்கா வீட்டுக்குத்தான் கை காட்டும். ஏன்னா ஊருக்கே அது ஒரே ஆளு. அக்காவப் பத்தி எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. இப்ப டைப் பண்ணப் பண்ண சிரிப்பு வேற முட்டுது, பொறுத்துக்கிடுங்க.

அக்காவுக்கு கோவில்பட்டியில தையல்கடை. பள்ளிக்கூட யூனிபார்ம்தான் தைக்கும். கார் ஒரு பழைய வெள்ளை ஆம்னி. கோடையில வெடிச்சுக் கெடக்குத கரிசக்காட்டுலதான் வண்டி பழகுச்சு. பழக்கிவிட்டது வீட்டுக்காரரு பூவனநாதன் அண்ணாச்சி. டயரு ஒவ்வொரு வெடிப்புலயும் எறங்கி ஏறயில அண்ணாச்சி பக்கத்துல கண்ண மூடிக்கிட்டு குலசாமியக் கூப்பிடுவாவளாம். அக்கா மூணாவது கியர் போட்ட அன்னைக்கு "நிப்பாட்டு, நான் நடந்தே வாரேன்"னு எறங்கிட்டாவ. அக்கா அதுக்கப்புறம் ஒத்தையிலயே பழகிக்கிடுச்சு.

நான் காலேஜுக்குப் போறது அந்தக் கார்லதான். போற வழியெல்லாம் அக்கா காரோட பேசிக்கிட்டே வரும். "ஏட்டி, மேடு வருது, மூச்சப் புடிச்சுக்கோ." மேடு ஏறிட்டா ஸ்டீயரிங்க தட்டிக்குடுக்கும். எங்க தெரு இசக்கிச்செல்விக்கு பிரசவ வலி வந்தப்ப ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுக்கிட்டு இருக்கும்போதே அக்கா அவள ஏத்திக்கிட்டு கெளம்பிட்டு. புள்ள ஆஸ்பத்திரியில பத்திரமா பொறந்துச்சு. அந்தச் சாவி அக்கா கையில இருக்கது எங்க தெருவுக்கே ஒரு தெம்பு.

அந்தச் சாவிதான் மாசி மாசம் பறிபோச்சு.

நடந்தது என்னன்னா, அக்கா மத்தியானம் தனியா வீட்டுக்குத் திரும்பி வந்துக்கிட்டு இருந்திருக்கு. ஊருக்குள்ள வார ரோட்ட மறிச்சு ஒரு ஆட்டுக்கிடை நிக்குது. பருத்தி எடுத்து முடிச்ச காட்டுல ஒரத்துக்காக ஆட்டக் கொண்டுவந்து அடைப்பாவல்லா, அந்த ஆடுக. நடுரோட்டுல ஒரு ஆடு குட்டி போட முக்கிக்கிட்டு கெடக்கு. அக்கா ஹாரன் அடிக்கல. இஞ்சின அணைச்சு, ஹேண்ட் பிரேக்கப் போட்டு, குடைய எடுத்துக்கிட்டு எறங்கி, ஆட்டுக்கு நெழல் புடிச்சிருக்கு! நெசமா! அப்ப பின்னால பருத்தி மூடை ஏத்திக்கிட்டு வந்த ஒரு லோடு ஆட்டோ, ஆளில்லாத கார் பொடனியில நங்குன்னு மோதிருச்சு. மூடை கிழிஞ்சு பஞ்சு ரோடு முழுக்கப் பறக்குது. அதே நேரத்துல குட்டியும் பொறந்துட்டு!

ஆட்டோ ஓட்டுன மணிராஜ் "மன்னிச்சிருங்க அக்கா"ன்னு கையெடுத்துக் கும்புட்டிருக்கான். அக்கா அவனத் திட்டாம அவனோட சேந்து பஞ்சு பொறுக்கியிருக்கு. போட்டோ எடுக்கணும்னு தோணவே இல்ல. கிடையும் கெளம்பிப் போயிட்டு.

பய கோவில்பட்டிக்குப் போனதும் மொதலாளிக்குப் பயந்து கதைய மாத்திட்டான். "அந்தம்மா சடார்னு பிரேக் அடிச்சிட்டு அண்ணாச்சி, நான் என்ன செய்ய?" அந்தக் கதை சாயங்காலத்துக்குள்ள எங்க ஊரு டீக்கடைக்கு வந்துட்டு. பொம்பள ஓட்டுனா இப்படித்தான்னு நாலு பேரு பேச, பூவனநாதன் அண்ணாச்சி காதுல விழுந்துட்டு.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்து சாவிய எடுத்து இடுப்புல அரணாக்கயித்துல முடிஞ்சுக்கிட்டாவ.

"நான் கார்லயே இல்லங்கேன்!"னு அக்கா கத்துது.

"நான் நம்புதேன். ஊரு நம்பணும்லா? போலீஸ்ல யாரு மேல கேஸுன்னு எழுதி வாங்கிட்டு வா, சாவி தாரேன். இல்லன்னா வண்டிய வித்துருவோம்."

விக்கணும்னு சொன்னதும் அக்கா மொகம் செத்துப்போச்சு. நான் அங்கனதான் நின்னேன்.

இதுல கொடுமை என்னன்னா, மறுநா வெள்ளிக்கிழமை. நசுங்குன வண்டி வெள்ளியும் அதுவுமா வாசல்ல நின்னா கண்ணேறு எறங்காதுன்னு அண்ணாச்சியே விடியக்காலம் வண்டிய மருமகன் சுடலைக்குமார் டிங்கரிங் கடைக்கு ஓட்டிட்டுப் போயி, நசுங்கல நிமித்தி, பெயிண்ட் அடிச்சு, கழுவி, பூசணிக்கா ஒடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டுக் கொண்டாந்துட்டாவ! அந்தக் கோலத்துலயே வண்டிய ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டு வந்தாவ. நானும் அக்காவும் பின்னால உக்காந்துருந்தோம்.

ஏட்டய்யா விஜயராஜ் சார் வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாரு.

"எங்கனம்மா இடிச்சிருக்கு?"

"பின்னால சார்."

"பின்னால சந்தனம்தான இருக்கு? ஏய்யா, இது ஆக்சிடென்ட் ஆன காரா, சாமி சப்பரமா?"

அண்ணாச்சி தலையச் சொறிஞ்சாவ. "வெள்ளிக்கிழமை பாருங்க சார்…"

"நல்ல வெள்ளிக்கிழமை போ! தடயத்தக் கழுவி மாலையும் போட்டுட்டு, கேஸு எழுதுன்னா எத வச்சு எழுத? பாத்த ஆளு யாரும் உண்டா?"

"ஆடு நின்னுச்சு சார்"னு அக்கா பட்டுனு சொல்லிட்டு.

"ஆடு வந்து சாட்சி சொல்லுமா?"

"ஆட்டுக்காரரு சொல்லுவாரு சார்!"

"அப்ப கூட்டிட்டு வாங்க. அந்த ஆட்டோக்காரனயும் நான் வரச்சொல்லுதேன்."

வீட்டுக்குப் போயி, எங்கப்பா ஸ்கூட்டர்ல அக்காவ ஏத்திக்கிட்டு காடு காடா விசாரிச்சோம். எட்டயபுரம் பக்கம் ஒரு காட்டுல கிடை கெடந்துச்சு. ஆட்டுக்காரரு பேரு சுடலைக்கண்ணு. அக்காவத் தூரத்துலயே அடையாளம் கண்டுட்டாரு.

"குடைக்காரம்மா! வாங்க, வாங்க. உங்க புள்ள இங்கன நிக்கான் பாருங்க."

காலுக்குள்ள ஒரு கருப்புக் குட்டி துள்ளுது. பேரு என்ன வச்சிருக்காரு தெரியுமா? ஆம்னி! நான் அங்கனயே உக்காந்து சிரிச்சேன். அக்கா குட்டியத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு அழுதுச்சு. அது அழ, பாத்துக்கிட்டு இருந்த எனக்கும் கண்ணுல தண்ணி வந்துட்டு.

விசயத்தச் சொன்னோம். "சொல்லுதேன், நூறு வாட்டி சொல்லுதேன். ஆனா கிடைய விட்டுட்டு வரமாட்டேன் தாயி. நரி இருக்கு, நாய் இருக்கு. கிடை அடுத்து அந்தப் பக்கம்தான் மாறுது, பத்திக்கிட்டே வாரேன்"ன்னாரு.

ரெண்டு நாள் கழிச்சு பத்திக்கிட்டேதான் வந்தாரு! நாங்களும் அண்ணாச்சியோட கார்ல ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். ஸ்டேஷன் வாசல்ல ஒரே மே மே மே! ஏட்டய்யா தன் கையால நட்டு, குடத்துல தண்ணி ஊத்தி வளத்த புங்கமரக் கன்னுக வரிசையா நிக்குது. ஆடுகளுக்கு அது கல்யாணப் பந்தி மாதிரி.

"ஏலே! ஏலே! என் கன்னு! ஏய்யா, ஆட்ட வெளிய பத்துய்யா!"

"நீங்க எழுதுனா நான் பத்துதேன் சார்"னு சுடலைக்கண்ணு சாவதானமா உக்காந்துட்டாரு. "இந்தா, இந்தக் குட்டி பொறக்கையிலதான் மோதுனான். இந்தம்மா வண்டிய அணைச்சிட்டு எறங்கி, தாயாட்டுக்குக் குடை புடிச்சிக்கிட்டு நின்னாவ. ஆளில்லாத வண்டி எப்படி சார் பிரேக் அடிக்கும்?"

மணிராஜும் அங்கனதான் நிக்கான், தலைய நிமித்தாம. ஆம்னிக்குட்டி நேரா அவன்கிட்ட போயி கைலி நுனிய சவைக்குது. பய மொதல்ல உதறிப் பாத்தான். அது விடல. அவனுக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிப்போடயே உண்மையும் வந்துட்டு.

"ஆமா சார். ஆட்டுக்கு எவளாச்சும் குடை புடிப்பாளான்னு வாயப் பொளந்து அவியளயே பாத்துக்கிட்டு வந்தேன், முன்னால கார் நின்னத பாக்கல. வேல போயிருமேன்னு மாத்திச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க அக்கா."

"மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா? என் கன்னாச்சும் பொழைச்சிருக்கும்!"னு கத்திக்கிட்டே ஏட்டய்யா எழுதவச்சாரு. கம்ப்யூட்டர் தட்டுத போலீஸக்கா ஒரு கண்ணு ஸ்கிரீன்லயும் ஒரு கண்ணு வாசல்லயும் வச்சுக்கிட்டு தட்டுனாவ. பிரிண்ட் வந்துச்சு. அக்காவ கையெழுத்துப் போடச்சொல்லி நகலக் குடுத்தாரு.

"இதுக்குக் காசு கெடையாதும்மா. இது தீர்ப்பு இல்ல, பாத்துக்கோங்க. ஆனா கேஸு யாரு மேலன்னு தெளிவா இருக்கு."

அக்கா எழுத்துக்கூட்டி சத்தமா வாசிச்சுச்சு. "நின்றுகொண்டிருந்த வாகனத்தின் பின்புறம்…" அந்த வரிய ரெண்டாவது தடவையும் வாசிச்சுச்சு. வாசிச்சு முடிச்சு அண்ணாச்சி முன்னால கைய நீட்டுச்சு.

அண்ணாச்சி சாவிய எடுக்கப் பாக்காவ, முடிச்சு இறுகிட்டு. காருக்குப் பின்னால போயி நின்னு வேட்டிய ஒரு கையில புடிச்சிக்கிட்டு மல்லுக்கட்டுதாவ. அக்கா பையில இருந்து கத்திரிய எடுத்துச்சு.

"ஏட்டி! அரணாக்கயித்த அறுக்காதட்டி!"

"அறுக்கல, ஆடாம நில்லுங்க"ன்னுட்டு கத்திரி முனையால முடிச்ச நெம்பி நெம்பி அவுத்துச்சு. ஏட்டய்யா, சுடலைக்கண்ணு, மணிராஜ், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்னு குலுங்குதாவ. சாவி கையில விழுந்ததும் அக்கா ஒரு துள்ளு துள்ளுச்சு பாருங்க, ஆம்னிக்குட்டி தோத்துரும்!

திரும்பி வரயில அக்காதான் ஓட்டுச்சு. அண்ணாச்சி முன் சீட்டுல, மடியில எஃப்.ஐ.ஆர். டீக்கடையில காட்டப்போறாவளாம். ஸ்டேஷன விட்டுக் கொஞ்ச தூரம் தாண்டுனதும் ரோட்ட மறிச்சு அதே கிடை போயிக்கிட்டு இருக்கு. அக்கா இஞ்சின அணைச்சுச்சு. எனக்கு வீட்டுக்குப் போக நேரமாச்சுன்னு நான் பின்னால இருந்து கைய நீட்டி ஹாரன தொடப்போனேன்.

அண்ணாச்சி என் கையத் தட்டிவிட்டாவ. "கைய எடு பிள்ள. குட்டி பயந்துரும்லா."

சொல்லிட்டு சீட்டுக்கடியில கெடந்த குடைய எடுத்துக்கிட்டு எறங்குனாவ. குடைய விரிச்சு காருக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டு, வார வண்டிக்கெல்லாம் "மெதுவா, மெதுவா"ன்னு கை காட்ட ஆரம்பிச்சிட்டாவ.