பொயிலருக்குச் சீல் வைத்த நாள்

இன்று விடியற்காலை குளிக்கப் போன கணவர், "இஞ்சை காஸ் மணக்குது," என்றபடியே லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ," என்றேன்.

காஸ் வரும் குழாயைத் திருகி மூடினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மகளையும் எழுப்பிக்கொண்டு தெருவுக்கு இறங்கினோம். அங்கே நின்றுதான் அவசர எண்ணுக்கு அழைத்தேன். எங்கள் பகுதியான போர்கோ வெக்கியோவின் சந்தையில் மீன்கடை விரிப்பவர்கள் எங்கள் இரவு உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்த காஸ் கம்பனிக்காரர், குளியலறையில் தண்ணீர் சூடாக்கும் பொயிலரைச் சோதித்தார். "காஸ் வால்வு மூடுதில்லை. நீங்கள் செய்தது எல்லாம் சரி," என்று சொல்லி, அதை இனிப் பாவிக்க முடியாதபடி சீல் வைத்துவிட்டுப் போனார்.

பொயிலர் சரியில்லை என்று வீட்டுக்காரரிடம் மூன்று மாதமாகச் சொல்லி வருகிறேன். இன்று சீல் வைத்தது தெரிந்ததும் அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"ஏன் அவங்களைக் கூப்பிட்டனீங்கள்? இனிப் புதுசு போடச் சொல்லுவாங்கள். நான் போடமாட்டன். வேறை வீடு பாருங்கோ."

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத வீடு. யாரிடம் போய்க் கதைப்பது?

பிறகு வீடு துப்புரவாக்கும் வேலைக்குப் போய், முதலாளியம்மா சினியோராவின் குளியலறையைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினேன். வீட்டுக்கு வந்து பச்சைத்தண்ணீரில் முழுகினேன்.

இதை வாசிக்கிறவர்கள், வாடகைக்கு வீடு இருந்தால் சொல்லுங்கள். "காஸ் மணந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பம் எண்டும் எழுதும்," என்கிறார், நான் எழுதுவதை எட்டிப் பார்க்கும் கணவர்.