துரை ரொட்டிக்கு உப்புப் பார்த்த ஒன்பது நாள்

மணி இரண்டு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் குடை. செம்மண் பாதையின் திருப்பத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே அது மெல்ல மேலேறி வந்தது. அதற்குக் கீழே ஒரு பச்சைச் சேலை. சேலைக்குப் பின்னால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓர் ஆள். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தாலும் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

நேரம் எனக்குத் திட்டமாகத் தெரியும். எங்கள் வீட்டுப் பின்புறச் சாய்ப்பின் தூணில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாக் கடிகாரம் ஒன்று ஆணியில் தொங்கியது. தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் வேறு எந்த வீட்டிலும் கடிகாரம் கிடையாது. எனக்கு அப்போது எட்டு வயது. மணி பார்க்க அந்த மாதம்தான் கற்றிருந்ததால், எதைக் கண்டாலும் அது எத்தனை மணிக்கு நடந்தது என்று மனத்தில் குறித்துக்கொள்வேன்.

வந்துகொண்டிருந்தவர்கள் அக்காவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும். பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்திலிருந்து புறப்பட்டு, காலை பத்து மணிக்குள் எங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ரயில் தவறிவிட்டது. ஈப்போவில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, கடைசி ஒரு மைலை நடந்து வந்தார்கள். தட்டு மாற்றிவிட்டுப் போவதாகப் பேச்சு. மாப்பிள்ளைக்குக் கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் வேலை. வீட்டுக்கு வரும் பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அக்காவுக்குப் பதினேழு வயது. பத்து வயதிலிருந்து தோட்டத்து வேலை. அந்த வருடம் அம்மாவோடு சேர்ந்து ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். விடியற்காலை நாலரை மணிக்கு, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்காகத் தப்பு அடிக்கும்போது, கண்ணைத் திறக்காமலே எழுந்து சேலையைச் சுற்றிக்கொள்வாள். கல்யாணத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறைதான். "அங்க போனா விடியற வரைக்கும் தூங்கலாமாம்டி."

அப்பா துரையின் பங்களாவில் சமையல்காரர். எங்கள் ஆட்கள் மாட்டுக்கறி தொடமாட்டார்கள். துரையோ வாரத்தில் ஐந்து நாள் அதைத்தான் சாப்பிட்டார். இந்த முரணை லயம் தனக்குள் ஒரு வழக்கத்தை வைத்துச் சமாளித்து வந்தது. அப்பா சமைக்கலாம், ருசி பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஆற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். "கை துரைக்கு, நாக்கு நமக்கு" என்று அப்பாவே சொல்வார். பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது. மாரியம்மன் கோயிலில் அவருக்கு மற்றவர்களைப் போலவே திருநீறு கொடுத்தார்கள்.

ருசி பார்க்காதவர் எப்படி உப்புப் போடுவார் என்று எல்லாரும் கேட்பார்கள். மூக்கால் என்பார். வெங்காயமும் கறியும் வதங்கும்போது எழுகிற ஆவியை ஒருமுறை இழுத்தால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருடம் மழைக்காலத்தில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. பங்களாவின் குசினிக் கூரைமேல் ஒரு மரம் விழுந்தது. கூரையைச் சரிசெய்யும் வரை, சமையலை அப்பா எங்கள் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி உத்தரவு கொண்டுவந்தார். கூடவே கடிகாரத்தையும் கொண்டுவந்தார். அம்மா மூன்று நாள் பின்பக்கமே போகவில்லை. பிறகு சாய்ப்புக்கும் வீட்டுக்கும் நடுவே சாணத்தால் ஒரு கோடு போட்டாள். அந்தப் பக்கத்துச் சட்டி, கத்தி, விறகு எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது.

இரண்டாவது, அப்பாவுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஆறு நாளில் போய்விட்டது. மூக்கு திரும்பி வரவில்லை. எரிந்துகொண்டிருந்த சாம்பிராணிக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஏத்தலயா இன்னும்?" என்று அம்மாவைக் கேட்டார்.

துரைக்குத் தினமும் நாலு மணிக்கு ஒரு பண்டம் போக வேண்டும். லயத்தில் அதற்குத் துரை ரொட்டி என்று பெயர். அப்பா சன்விச்சு என்பார். ஈப்போவிலிருந்து ஐஸிலும் மரத்தூளிலும் பொதிந்து வரும் கறியை, கையால் சுற்றும் இயந்திரத்தில் போட்டுக் கொத்துக்கறியாக அரைப்பார். டின் வெண்ணெயில் வெங்காயம், பிறகு கறி, கடைசியில் மிளகு. சீனர் கடை ரொட்டித் துண்டில் அதைப் பரப்பி, மேலே சீஸைச் சீவி வைப்பார். டின்னிலிருந்து எடுத்தால் மஞ்சள் சவுக்காரக் கட்டி மாதிரி இருக்கும். இன்னொரு ரொட்டியால் மூடி, இரும்புச் சட்டியில் வைத்து, வாழையிலையில் சுற்றிய செங்கல்லை அதன் தலையில் ஏற்றுவார். ரொட்டி இரண்டு பக்கமும் சிவந்து, சீஸ் ஓரத்தில் வழிந்து சுருசுருக்கும்போது எடுத்துவிட வேண்டும். சூடு ஆறாமல் இருக்க, மூடிபோட்ட பீங்கான் தட்டில் வைத்துப் பங்களாக் காவலாள் ஓட்டமாகக் கொண்டு போவான்.

உப்பு அளவைக் கரண்டிக் கணக்காக வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு டின் சீஸிலும் ஒவ்வொரு விதமாக உப்பு இருந்தது. மூக்கு போன வாரத்தில் ரொட்டி இரண்டு முறை ஒரு கடியோடு திரும்பி வந்தது. மூன்றாம் முறை வந்தால் அப்பா மறுநாள் காட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று கிராணி சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது. அந்தக் காலோடு எங்கள் தோட்டத்துச் சரிவுகளில் ஏறி ஒருவர் பால் வெட்ட முடியாது. வீட்டு ஆண் தோட்டத்துக்கு வேலை செய்யாவிட்டால், பெண்கள் பால் வெட்டினாலும் லயத்தில் வீடு கிடையாது.

மறுநாள் அம்மாவும் அக்காவும் பால் நிறுக்கப் போயிருந்த நேரம். அப்பா என்னைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் கொத்துக்கறியும் உருகிய சீஸும் வைத்தார்.

"உப்பு பாரு."

"மாட்டுக்கறிலாப்பா."

"இன்னைக்கு ஆடு. துரைக்கு வயித்துக் கோளாறு."

நான் நம்பினேனா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாயில் போட்டேன். அதற்கு முன் அப்படி ஒன்றை நான் தின்றதில்லை. உப்பு அதிகம் என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் கறி சேர்த்துக் கிளறி, மறுபடியும் கொடுத்தார். சரி என்றேன். அன்று தட்டு காலியாக வந்தது. அப்பா மூடியைத் திறந்து அதை என்னிடம் காட்டினார். அவர் என்னிடம் எதையும் காட்டியது அதுதான் முதல் தடவை.

அப்படி ஒன்பது நாள். ஒன்பது நாளும் ஆடுதான். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் நான் ஏன் என்று கேட்பேன் என நினைத்திருக்கலாம். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, குடை வந்தது.

விருந்தாளிகளைப் பாயில் உட்கார வைத்தபோது மணி இரண்டு இருபது. மாப்பிள்ளையின் அம்மா கால் கழுவிவிட்டு வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். தலையில் ஈப்போவிலிருந்து வாங்கி வந்த மல்லிகை. காலை பத்து மணிக்கு வைத்தது, வாடியிருந்தது. அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு வந்து இருபது நிமிடம் அவர்களோடு உட்கார்ந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு அனுப்பணும். கோவிச்சுக்காதீங்க."

"போங்கண்ணே, வேல முக்கியம்லா" என்றார் தாய்மாமன். வேடிக்கையாகப் பேசுகிறவர். "ஒங்களப் பத்தி எங்க தோட்டத்துலகூடப் பேசிக்கிறாங்க. பதினோரு வருசம் பொங்கிப் போட்டு ஒரு பருக்க வாயில வைக்காத மனுசன்னு. நான்லாம் ஒரு நாளு தாங்க மாட்டேன், எங்கக்காவக் கேளுங்க."

"இவன் அடுப்புல வேவறதுக்கு முந்தியே தின்னுருவான்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

அப்பா சாய்ப்புக்குப் போனார். திறந்திருந்த பின்கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. வெங்காயம் வதங்கும் சத்தம் கேட்டது. அம்மா தாம்பூலத் தட்டில் வெற்றிலையை அடுக்கத் தொடங்கினாள்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கிட்ட இழுத்துக் கன்னத்தைத் தொட்டார். "பெரியவ இப்படிக் குச்சியா இருக்கா. நீ மட்டும் பளபளன்னு இருக்கியே, குட்டி. என்னாடி சாப்புடுற?"

வந்ததிலிருந்து என்னிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"சன்விச்சு" என்றேன்.

"அது என்னா?"

நான் சொன்னேன். கறியை அரைப்பதிலிருந்து ஆரம்பித்து, வெண்ணெய், வெங்காயம், மிளகு, மஞ்சள் சவுக்காரம் மாதிரி இருக்கும் சீஸ், வாழையிலை சுற்றிய செங்கல், ஓரத்தில் அது வழிந்து சுருசுருப்பது என்று ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். நான்தான் தினமும் உப்புப் பார்க்கிறேன், நான் சரி என்றால்தான் துரைக்குப் போகும் என்றேன். நன்றாகச் சொன்னேன் என்றே நினைத்தேன். அம்மாவின் கையில் ஒரு வெற்றிலை இருந்தது. அதை அவள் தட்டில் வைக்கவில்லை.

"என்னா கறி அது?" தாய்மாமன் கேட்டார்.

"ஆட்டுக்கறி. அப்பா சொன்னாங்க."

அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பின்கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணே, புள்ள சொல்றது ஆட்டுக்கறியாண்ணே?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். கேட்டவரும் அந்தச் சொல்லுக்காகத்தான் கேட்டார். அது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்பா செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"தோட்டத்துல ஏதுங்க ஆடு" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையை மடியில் வைக்காமல் சற்று விலக்கிப் பிடித்திருந்தார். காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். முக்கால் தம்ளர் மிச்சமிருந்தது.

"கொழந்தைக்குத் தெரியாதுங்க" என்றாள் அம்மா.

"கொழந்தைக்குத் தெரியாது. பெத்தவருக்குத் தெரியுமில்ல." மாப்பிள்ளையின் அம்மா குரலை உயர்த்தவில்லை. "ஒரே சட்டி, ஒரே அடுப்புன்னு இருந்த வீடு. பெரியவ தின்னாளா இல்லையான்னு நான் எங்க போயி விசாரிப்பேன்? நாளைக்கு எங்க வீட்டுல வெளக்கேத்தணும்லா அவ."

"அவ கோட்டத் தாண்டுனதே இல்லீங்க."

"எந்தக் கோட்ட?" என்று கேட்டார் அவர். சாணக் கோடு மழைச் சாரலில் கரைந்து போயிருந்தது.

தாய்மாமன் குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "வரோம்ணே" என்று மட்டும் சொன்னார். மணி மூன்று பத்து. அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை நான் வாசலில் நின்று கையாட்டினேன்.

உள்ளே வந்தபோது சட்டியில் இருந்த கறி கருகியிருந்தது. யாருக்கும் வாசனை தெரியவில்லை என்று நினைத்தேன். அப்பாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அம்மா சாய்ப்பின் ஓரத்தில் நின்றாள்.

"எத்தினி நாளு?"

"ஒம்பது" என்றார் அப்பா.

அம்மா அடிப்பாள் என்று நினைத்து நான் தூணுக்குப் பின்னால் போனேன். அவள் அடிக்கவில்லை.

ஐஸில் பாதிக் கறி மிச்சமிருந்தது. அப்பா சட்டியைத் தேய்த்துக் கழுவி மறுபடியும் அடுப்பில் வைத்தார். மூன்று முப்பத்தைந்துக்குக் கறி வெந்தது. புது டின்னை உடைத்து, ஒரு துண்டு சீஸை அதில் உருக்கினார். பிறகு கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அது என் வேலை நேரம் என்று எனக்குத் தெரியும். நான் போய் உள்ளங்கையை விரித்தேன். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அப்பா எங்களைப் பார்க்கவில்லை; அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரச் சத்தம் கேட்டது.

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அதே சேலை, அதே பூ. கோடு இருந்த இடத்தைத் தாண்டி வந்து, அப்பாவுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"நீ வேணாம்மா" என்றார் அப்பா.

"குடுங்க. மணியாவுதுல்ல."

அவர் வைத்தார். அவள் வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"உப்பு பத்தல."

அப்பா விரல் நுனியில் எடுத்துப் போட்டுக் கிளறினார். அவள் மறுபடியும் கையை நீட்டினாள். மறுபடியும் மென்றாள்.

"இப்ப சரி."

நான் அழ ஆரம்பித்தேன். உப்புப் பார்ப்பது என் வேலை; நான் சரியாகத்தான் பார்த்துவந்தேன்; அதை அக்கா என் கண் முன்னாலேயே பிடுங்கிக்கொண்டாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் ஒரு வாரம் போகவில்லை. நான் அழுததைப் பார்த்து அம்மா என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். "அழுவாதடி. ஒனக்கு என்னா தெரியும்? அவளுக்கு வேற எடம் வராமலா போயிரும்?" என்று சொல்லித் தலையைத் தடவினாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மடி சுகமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

காவலாள் தட்டை வாங்கிக்கொண்டு ஓடியபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. அக்கா ஆற்றுப் பக்கம் போனாள். அப்பா ரொட்டித் தூளைக் கூட்டி அள்ளினார்.

நாலு நாற்பதுக்குத் தட்டு திரும்பி வந்தது. அதில் எதுவும் மிச்சமில்லை.